நிலவறை வீடாகும்போது

வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்கோ வேலைக்கோ சென்ற நம் பழைய மாணவர்களிடம் "எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். டொராண்டோவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் அடிக்கடி வரும் பதில், "ஒரு பேஸ்மென்ட்டில்" என்பதாகும். அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இச்சொல் தெளிவான படம் எதையும் தருவதில்லை. நமக்கு நிலத்தடி என்றால் எம்ஆர்டி நிலையம், கடைத்தொகுதியின் உணவங்காடி, கார் நிறுத்துமிடம். அங்கெல்லாம் யாரும் படுத்துறங்குவதில்லை.

தமிழில் இதற்கு 'நிலவறை' என்ற நல்ல சொல் உண்டு. 2011-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் சில திறக்கப்பட்டு, உள்ளே இருந்த பொன்னும் மணியும் கணக்கெடுக்கப்பட்டபோது இச்சொல் நாளிதழ்களில் மிகவும் அடிபட்டது. பொருளைப் பாதுகாத்து வைக்கும் இடமே நிலவறை. பொன் மூச்சு விடாது. தீப்பிடித்தால் அதற்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. மனிதருக்கோ இரண்டும் தேவை. ஆகவே, பொருள் வைக்கக் கட்டிய அறையை மனிதர் வாழும் அறையாக மாற்றும் வேலை, சுவருக்குச் சாயம் பூசிக் கம்பளம் விரிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. நீர், காற்று, வழி என்னும் மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். அவ்விடைகளை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அங்கே ஏன் நிலவறை?

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் தனி வீடுகளுக்கு நிலவறை இருப்பதற்குக் குளிரே காரணம். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரியும்போது, தன் மேலிருக்கும் அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். அதனால், மண் உறையும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் இறங்க வேண்டும். டொராண்டோ பகுதியில் அந்த ஆழம் சுமார் 1.2 மீட்டர். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தோண்டினால் ஒரு முழுத் தளமே கிடைத்துவிடுகிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வெந்நீர்த் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பழைய சாமான்கள் ஆகியவை அங்கே போய்ச் சேர்ந்தன. நம் நாட்டு மண் உறைவதில்லை. ஆகவே வீட்டுக்கு வீடு நிலவறை தோண்டும் தேவையும் இங்கே எழவில்லை.

இந்த நிலவறையோடு தமிழருக்கு உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழர் பலரின் முதல் முகவரி, ஸ்கார்பரோவிலும் அதனைச் சுற்றியும் இருந்த வீடுகளின் நிலவறைகளே. வாடகை குறைவு என்பதால் வந்தவருக்கு அது தலைக்குமேல் ஒரு கூரை. வீட்டுக் கடன் கட்டுபவருக்கு அந்த வாடகை ஒரு கைத்தாங்கல். பிறகு அவர்களே வீடு வாங்கியபோது, தங்கள் நிலவறையைத் தாத்தா பாட்டிக்கு வீடாக்கினர், பிள்ளைகளுக்குப் படிப்பறையாக்கினர், பரதநாட்டிய வகுப்பு நடத்தும் கூடமாக்கினர். ஒன்டாரியோ மாநிலம் 2011-இல் இயற்றிய சட்டம், ஒரே வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பு அமைப்பதை நகராட்சிகள் அனுமதிக்க வேண்டும் என்று கூறியது. அதாவது, மறைவாக நடந்துவந்ததை விதிகளுக்கு உட்பட்டுச் செய்ய வழி பிறந்தது.

முதல் கேள்வி: நீர்

நிலவறையின் முதல் எதிரி நீர். அது மூன்று வழிகளில் உள்ளே வருகிறது.

ஒன்று, மழைநீர். 100 சதுர மீட்டர் கூரையின் மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், இறங்கி வரும் நீர் 2,500 லிட்டர். கூரையின் இறக்குக் குழாய் அந்நீரைச் சுவரோரமே கொட்டினால், அது நேரே அஸ்திவாரத்தை நாடும். எனவே செலவு குறைந்த முதல் மருந்து வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. இறக்குக் குழாயைச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். சுவரையொட்டிய தரை, முதல் 2 மீட்டருக்குள் 10 சென்டிமீட்டராவது வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் உள்ளே எத்தனை பூச்சுப் பூசினாலும் பயனில்லை.

இரண்டு, கான்கிரீட் வழியே ஏறும் ஈரம். கான்கிரீட் பார்ப்பதற்குக் கல் போல இருந்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் அவற்றில் ஏறும். சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், நீர் வந்து ஆவியாகி உப்பை விட்டுச் சென்றிருக்கிறது என்று பொருள்.

மூன்று, காற்றிலுள்ள ஈரம். குளிர்ந்த பானம் உள்ள கண்ணாடிக் குவளை 'வியர்ப்பதை' நாம் உணவங்காடியில் தினமும் காண்கிறோம். கோடைக்காலத்தில் நிலவறைச் சுவரும் அப்படித்தான் வியர்க்கும். வெளிக்காற்று 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருந்தால், சுமார் 17 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் அதன் ஈரம் நீராகப் படியும். மண்ணைத் தொட்டிருக்கும் சுவர் அதைவிடக் குளிர்ச்சியாக இருப்பது இயல்பு. 'புழுங்குகிறதே, காற்று வரட்டும்' என்று கோடையில் சன்னலைத் திறந்து வைப்பதால் நிலவறை உலர்வதற்குப் பதில் மேலும் நனைவது இதனால்தான். ஈரம் நீக்கும் கருவியைக் கொண்டு ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்கு அருகில் வைத்திருப்பதே சரியான வழி.

ஈரம் மண்ணிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 60 சென்டிமீட்டர் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேலே இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. நோய் எது என்று தெரிந்த பிறகே மருந்தைத் தேட வேண்டும்.

இவற்றுக்கு அப்பால் பெருமழை என்னும் ஆபத்தும் உண்டு. 2013 ஜூலை 8 அன்று டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதில் பெரும்பகுதி சுமார் இரண்டு மணி நேரத்தில் கொட்டியது. ஆயிரக்கணக்கான நிலவறைகளில் நீர் புகுந்தது. 2024 ஜூலை 16 அன்றும் ஏறத்தாழ 98 மில்லிமீட்டர் மழை பெய்து, பல வீடுகள் மீண்டும் அதே துன்பத்தை அனுபவித்தன. இத்தகைய நாள்களில் நீர் சுவர் வழியாக மட்டும் வருவதில்லை. சாலையடிச் சாக்கடை நிரம்பி, கழிவறைக் குழாய் வழியாகவே திரும்பி வரும். அதைத் தடுக்க, நீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு ஒன்றைக் கழிவுக் குழாயில் பொருத்துகிறார்கள். நிலத்தடி நீரைக் குழியில் சேர்த்து வெளியேற்றும் 'சம்ப் பம்ப்' இன்னொரு காவல். இவற்றுக்கு டொராண்டோ நகராட்சி உதவித்தொகையும் வழங்குகிறது. வெள்ளம் வருமுன் அணை போடு என்ற நம் முன்னோர் வாக்கு, இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

இரண்டாம் கேள்வி: காற்று

மண்ணிலும் பாறையிலும் சிறிதளவு யுரேனியம் எங்கும் உண்டு. அது சிதைந்துகொண்டே வரும் வரிசையில் ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. திறந்த வெளியில் அது கலந்து மறைந்துவிடும். நிலவறையிலோ தரையின் விரிசல் வழியே நுழைந்து தங்கிவிடும். புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமாகக் கனடாவிலும் அமெரிக்காவிலும் சுகாதாரத் துறையினர் குறிப்பிடுவது இந்த ரேடானைத்தான். ஒரு கனமீட்டர் காற்றில் 200 பெக்கரெல் என்ற அளவைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும் என்பது கனடாவின் வழிகாட்டுதல். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் 100 என்ற அளவைப் பரிந்துரைத்தது.

ரேடானை மூக்கால் அறிய முடியாது. கருவியால்தான் அளக்க முடியும். சிறு அளவுமானி ஒன்றைக் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்து அளப்பது கனடாவில் வழக்கம். கதவு சன்னல்கள் மூடியிருக்கும் காலம் என்பதால் அப்போதுதான் உண்மை நிலை தெரியும். அளவு கூடுதலாக இருந்தால், தரையைத் துளைத்து ஒரு குழாயை இறக்கி, சிறு விசிறியால் அடிமண்ணின் காற்றை உறிஞ்சி வெளியே விடுவார்கள். புதுத் தரை போட்ட பிறகு அதைத் துளைப்பது வீண் செலவு. எனவே இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

ஃபர்னஸும் வெந்நீர்த் தொட்டியும் எரிவாயுவில் இயங்குவதாலும் ஒரு கவலை உண்டு. அவற்றைச் சுற்றிக் காற்றுப் புகாதபடி சுவர் எழுப்பினால் எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். உறங்குபவரை எழுப்பாமலே கொல்லக்கூடியது அது. ஆகவே புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் நிலவறையில் இருந்தே ஆக வேண்டும். மேல்தளக் கருவியோடு அவை இணைந்திருப்பது சிறப்பு. மாடியில் புகை எழுந்தால் கீழே உறங்குபவருக்கும் தெரிய வேண்டுமல்லவா?

மூன்றாம் கேள்வி: வழி

நிலவறைக்குப் பெரும்பாலும் ஒரே படிக்கட்டுதான். அது சமையலறைப் பக்கம் போய்ச் சேரும். தீ அங்கே பிடித்தால் கீழே இருப்பவர் எங்கே போவார்? இதனால்தான் நிலவறையில் படுக்கையறை வைக்க வேண்டுமானால் ஆள் வெளியேறக்கூடிய சன்னல் வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. கனடாவின் தேசியக் கட்டட விதி, சன்னலைத் திறந்தால் கிடைக்கும் வழி 0.35 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் விதியில் இந்தப் பரப்பு இன்னும் பெரியது. சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கவும் கூடாது. சன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டுவிட்டு 'திருடன் வரமாட்டான்' என்று நிம்மதி அடைவோர், உள்ளிருப்பவரும் வெளியே வரமாட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீயைவிடக் கொடியதாக நீர் வழியை அடைக்கும். இதை இயற்பியல் மாணவர்கள் தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 80 சென்டிமீட்டர் அகலக் கதவின் ஒரு பக்கத்தில் மட்டும் அரை மீட்டர் நீர் நின்றால், அக்கதவின் மேல் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை அழுத்தும். நீர் ஒரு மீட்டர் ஆனால் விசை இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி 400 கிலோகிராமை எட்டும். கதவைத் திறக்க முயன்றும் முடியாமல் போவதன் காரணம் இதுதான். கணுக்கால் நீரில் வெளியேறாதவர் இடுப்பளவு நீரில் வெளியேற முடியாது.

இது வெறும் கணக்காக நின்றுவிடவில்லை. 2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் எச்சம் நியூயார்க் நகரைத் தாக்கியது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் நிலவறைக் குடியிருப்புகளில் இருந்தவர்கள். அந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை அனுமதி பெறாதவை.

தென்கொரியாவின் சோல் நகரிலும் இதே கதை நடந்தது. அங்கே 'பஞ்சிஹா' எனப்படும் பாதி நிலத்தடி வீடுகள் உண்டு. 2019-இல் வெளிவந்த 'பாரசைட்' திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அவ்வீட்டை மறந்திருக்கமாட்டார்கள். வடகொரியாவுடன் பதற்றம் மிகுந்திருந்த 1970-ஆம் ஆண்டு வாக்கில், போர் வந்தால் பதுங்குவதற்காகக் கட்டடங்களுக்கு நிலவறை வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. பின்னர் வீட்டுத் தட்டுப்பாடு முற்றியபோது, பதுங்க அமைத்த அந்த இடங்களுக்கு மக்கள் குடிவந்தனர். 2022 ஆகஸ்ட் 8 அன்று பெய்த மழையில், அத்தகைய வீடு ஒன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெளியேற முடியாமல் உயிரிழந்தனர். அறையின் பயன் மாறியது; அறை மாறவில்லை. விலை உயிராக இருந்தது.

நமக்கும் இது முற்றிலும் அயலான செய்தியன்று. 1997-ஆம் ஆண்டுக் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்திற்குப் பின் கட்டப்பட்ட வீவக வீடுகளில் 'பாம் ஷெல்டர்' இருப்பதை அறிவோம். அதன் சுவரை இடிக்கவோ இரும்புக் கதவைக் கழற்றவோ அனுமதியில்லை. பெரும்பாலோர் அதில் அரிசி மூட்டையும் பயணப் பெட்டியும் வைக்கிறோம். சில வீடுகளில் பணிப்பெண்ணின் பாயும் அங்கேதான் விரிக்கப்படுகிறது. பணிப்பெண் தங்கும் இடத்தில் போதிய காற்றோட்டம் வேண்டும் என்கிறது மனிதவள அமைச்சு. சன்னலே இல்லாத அறையில் நாம் ஓர் இரவு உறங்குவோமா என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பிறகே சுவரும் தரையும்

மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகு அளவுநாடாவை எடுக்கலாம். ஒன்டாரியோவில் இரண்டாம் குடியிருப்பு உள்ள வீட்டின் உட்கூரை உயரம் குறைந்தது 1.95 மீட்டர் இருக்க வேண்டும். உயரம் போதாதென்றால் தரையைத் தாழ்த்த வேண்டிவரும். அஸ்திவாரத்தின் அடியில் சிறு சிறு பகுதியாகத் தோண்டி, ஒவ்வொன்றாகக் கான்கிரீட் நிரப்பிச் செய்யும் வேலை அது. பொறியாளரின் வரைபடமும் நகராட்சி அனுமதியும் இல்லாமல் அதில் இறங்கினால் வீடே இறங்கிவிடும்.

சுவர் அமைப்பதில் பலர் செய்யும் தவறு, கண்ணாடி இழைப் பஞ்சை நேரே கான்கிரீட்டின் மேல் வைத்து மூடுவது. அறைக் காற்று பஞ்சின் ஊடே புகுந்து குளிர்ந்த கான்கிரீட்டைத் தொட்டு நீராகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அழகான சுவருக்குப் பின்னால் பூஞ்சணம் படர்ந்திருக்கும். கான்கிரீட்டை ஒட்டி முதலில் கெட்டி நுரைப் பலகை, அதன் இணைப்புகளில் நாடா, அதற்கு முன் மரச் சட்டம், கடைசியில் ஜிப்சம் பலகை என்பதே ஏற்ற வரிசை. தரையில் கம்பளத்தைத் தவிர்த்து ஓடு அல்லது வினைல் பதிப்பது நல்லது. ஒரு முறை நனைந்தாலும் துடைத்துவிடலாம்.

எதற்காக அந்த அறை?

நோக்கம் தெளிவாக இல்லாத நிலவறை, செலவு செய்த பிறகும் சாமான் அறையாகவே திரும்பிவிடும். படிப்பறையாக்கினால் புத்தக அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்கக்கூடாது. சில விரற்கடை இடைவெளி விட வேண்டும். பரதநாட்டியக் கூடமாக்கினால் கான்கிரீட்டின் மேல் நேரடியாகத் தட்டியாடுவது முழங்காலுக்குக் கேடு. சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் மரத்தளம் வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் கையை மேலே தூக்கினால் 2 மீட்டரைத் தாண்டிவிடும் என்பதால், குடியிருப்புக்குப் போதுமான 1.95 மீட்டர் உயரம் ஆடலுக்குப் போதாது. மிருதங்கம் பயில்பவருக்கு ஈரம் இன்னொரு தொல்லை. தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பெற்றோரைத் தங்க வைப்பதானால் படிக்கட்டின் அகலம், கைப்பிடி, கீழேயே ஒரு கழிவறை ஆகியவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். வயதானவர்களைப் பகல் வெளிச்சம் படாத அறையில் வைப்பது வசதியா, ஒதுக்கி வைப்பதா என்று குடும்பத்தார் மனம்விட்டுப் பேசிக்கொள்வதும் நல்லது.

வாடகைக்குப் போகும் நம்மவர்களுக்கு

நம்மில் பலர் நிலவறை கட்டப் போவதில்லை. ஆனால் சிலராவது நாளை அதில் வாடகைக்குத் தங்கக்கூடும். கையெழுத்திடுமுன் பின்வருவனவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. இந்தக் குடியிருப்பு நகராட்சியில் அனுமதி பெற்றதா?
2. படுக்கையறைச் சன்னல் வழியாக நான் வெளியேற முடியுமா? கேட்பதோடு நில்லாமல் திறந்து பாருங்கள்.
3. புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் உண்டா? பொத்தானை அழுத்தினால் ஒலிக்கின்றனவா?
4. இதற்கு முன் வெள்ளம் புகுந்ததுண்டா? சுவரின் அடியில் கறையோ வெள்ளைப் பொடியோ மக்கிய வாடையோ இருக்கிறதா?
5. ரேடான் அளக்கப்பட்டிருக்கிறதா?
6. படிக்கட்டு அடைபட்டால் இரண்டாவது வழி எது?

இவற்றைக் கேட்பதால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்காகக் கட்டியவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். நம் ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி தங்கையருக்கு அங்கே முன்பே சென்றுவிட்ட அண்ணன்மாரும் அக்காமாரும் செய்யக்கூடிய பேருதவி, அவர்களோடு ஒரு மணி நேரம் செலவிட்டு அந்த அறையைப் போய்ப் பார்ப்பதாகும். வாடகை மலிவாக இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அது நிலத்தடி என்பது மட்டும்தானா, வேறு ஏதேனும் உண்டா என்பதைப் பெட்டியை இறக்கி வைக்குமுன் அறிந்துகொள்ளுங்கள்.